புதுப்பிப்பு: வாளியில் படிந்த வெள்ளைப் பொடிக்குக் காரணம் தெரிந்தது

பவளங்கள் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டிக்காக உப்புக் கலக்கும் வாளியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியது போல ஏன் வெளுக்கிறது, தண்ணீர் மாற்றிய மறுநாளே பவளங்கள் ஏன் சுருங்குகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றிவந்தேன். தவறு அதுதான். அடியில் கரைசல் மிகச் செறிவாகி, கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிந்துவிடுகிறது. பவளம் தன் கூட்டைக் கட்ட வேண்டிய சரக்கு வாளியோடு போய்விடுகிறது. இப்போது 20 லிட்டர் தண்ணீரை முதலில் நிரப்பி, சிறு பம்பைச் சுழலவிட்டு, ஏறக்குறைய 740 கிராம் உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுகிறேன். பால் போன்ற கலங்கல் மெல்ல விலகி, வாளியின் அடியில் பொறித்த எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. பார்க்கவே நிறைவாக இருக்கிறது.

அடுத்தது, கலக்கும் தண்ணீர். சேலம் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது விளையும் மண். அஸ்தம்பட்டியில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 1,100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,100 பங்கு). ஆர்ஓ சவ்வு வடிகட்டியையும், மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் மணிகளையும் தாண்டினால் 0. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் பிடித்துச் சுத்திகரித்தால் ரெசின் கூடுதல் நாள் உழைக்கிறது.

இன்னொன்று, தண்ணீரின் உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தது போதவில்லை. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) சோதனைத் திரவத்தை விட்டால் 32 காட்டியது. 35 என்று நம்பி 38 பிபிடி உப்புநீரை ஊற்றியிருக்கிறேன், பாவம் அந்த உயிர்கள்! பவளங்கள் சுருங்கியதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

நேற்றிரவு சரியான அளவில் கலந்து, தொட்டியின் 26 டிகிரிக்குக் கொண்டுவந்து மாற்றினேன். இன்று காலை ஸோவாந்திட் என்ற மென்பவள வகையின் மொட்டுகள் முழுவதும் விரிந்திருந்தன.