பொருள்: எலும்புக்குள் விரியும் பைக்குத் தமிழ்ச்சொல் – ‘திமிசுப்பை’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நொறுங்கி அமுங்கிய முள்ளெலும்பைச் சீராக்கும் கைஃபோபிளாஸ்டி மருத்துவத்தில் பயன்படும் விரியும் பைக்கு எலும்புப் பலூன், ஊதுபை, துருத்தி, கூன்நிமிர்த்தி ஆகிய சொற்கள் இங்கு முன்வைக்கப்பட்டுள்ளன. கருவி எலும்புக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேர்வதே முறை என்பதால், முதலில் செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

எலும்புப்புரை நோயால் வலுவிழந்த முள்ளெலும்பு, குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினாலே நொறுங்கி அமுங்கிவிடக்கூடும். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே, முதுகுப்புறத்திலிருந்து பெரும்பாலும் இரு பக்கமும் மெல்லிய குழாய்களைச் செலுத்தி, அவற்றின் வழியே சுருங்கிய நிலையிலுள்ள பையை முள்ளெலும்பின் உடலுக்குள் கொண்டுசெல்கிறார்கள். அழுத்தமானி பொருத்திய பீச்சுக்குழலைத் திருகத் திருக, எக்ஸ்ரேயில் தெரியும் சாயநீர் பைக்குள் ஏறி, அது சிறிது சிறிதாக விரிகிறது. சுற்றியுள்ள பஞ்சுபோன்ற எலும்பு நெருக்கித் தள்ளப்பட்டுக் கெட்டியான சுவராகிறது. அமுங்கிய மேல்தட்டும் ஓரளவு உயர்கிறது. பிறகு நீரை உறிஞ்சிப் பையை வெளியே எடுத்துவிட்டு, உண்டான குழியில் குழைவான எலும்புச் சிமெண்டை நிரப்புகிறார்கள். அது சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. பை இல்லாமல் சிமெண்டை மட்டும் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி 1984இல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கியது. பை வைத்துச் செய்யும் முறை 1998இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது.

இனிச் சொற்களுக்கு வருவோம். ‘ஊதுபை’ என்றவுடன் காற்று நினைவுக்கு வரும். இங்கே உள்ளே போவது நீர்மம். பை கிழிந்தால் எலும்புக்குள் காற்றுப் போய்விடுமோ என்று நோயாளி அஞ்சவும் இடமுண்டு. ‘துருத்தி’ அழகிய பழஞ்சொல் என்பதிலோ, வைகையில் அழகர் இறங்கும் நாளில் தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் அடியார்களால் மதுரையில் அது இன்றும் வழக்கில் இருக்கிறது என்பதிலோ எனக்கு ஐயமில்லை. ஆயினும் கொல்லன் துருத்தியும் அழகர் துருத்தியும் உள்ளிருப்பதை வெளியே தள்ளுபவை. நம் பையோ உள்ளிருப்பதைச் சொட்டும் கசியவிடாமல் சுற்றியிருப்பதை நெருக்குவது. வேலை நேர்மாறானது.

‘கூன்நிமிர்த்தி’யைப் பரிந்துரைத்த அம்மையார் கூன் பாண்டியன் நின்றசீர் நெடுமாறனான வரலாற்றை எடுத்துக்காட்டியிருந்தார். கிரேக்க மூலத்திலும் கூன் என்ற பொருளே இருப்பதால் அச்சொல் மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் சம்பந்தர் ‘வேந்தனும் ஓங்குக’ என்று பாடியதும் பாண்டியன் நிமிர்ந்ததுபோல இங்கே நிமிர்வதில்லை. வலி தணிவதும் அமுங்கிய உயரத்தில் ஒரு பகுதி மீள்வதுமே பெரும்பாலும் கிடைக்கும் பயன். ஒப்புதல் படிவத்தில் ‘கூன்நிமிர்த்தல்’ என்று படித்துக் கையெழுத்திடும் எழுபது வயதுப் பாட்டிக்கு மருத்துவர் தர முடியாத ஒன்றை வாக்களித்ததாக ஆகிவிடும்.

அஸ்திவாரக் குழியில் மண்ணை நிரவி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவதை நம் பக்கத்துக் கொத்தனார்கள் அனைவரும் அறிவார்கள். இக்கருவியின் ஆங்கிலப் பெயரான ‘bone tamp’ என்பதும் திமிசு என்ற பொருளையே தருகிறது. ஆகவே கருவிக்குத் ‘திமிசுப்பை’ என்றும், செய்முறைக்கு ‘திமிசுப்பை எலும்புச்சீரமைப்பு’ என்றும் முன்மொழிகிறேன். வார்டில் ‘பலூன் வச்சு சிமெண்ட் வைக்கிறது’ என்று சொல்வதை இச்சொல் மாற்றப்போவதில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை. பாடநூலுக்கும் அகராதிக்கும் ஒரு சொல் வேண்டும், அவ்வளவே.

சிமெண்டைக் ‘காரை’ என்று தமிழாக்கலாம் என்ற யோசனையை ஏற்க இயலவில்லை. தோள்பட்டையின் முன்புறம் காறை எலும்பு இருக்கிறது. பேச்சில் ரகர றகர வேறுபாடு பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில், ‘காரை வைத்தார்கள்’ என்பது சிமெண்டைக் குறிக்குமா, எலும்பைக் குறிக்குமா?

திருநகர், மதுரை.

•

ஐயா, வணக்கம்.

திமிசுப்பைக்கு என் ஆதரவு. எலும்பு முறிவு மருத்துவன் என்ற முறையில் ஒரு காரணத்தையும் சேர்க்கிறேன். முழங்கால் மூட்டில் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் உடைந்து உள்ளே இறங்கிய நிலையிலும், குதிகால் எலும்பு நொறுங்கிய நிலையிலும், இதே பையை அடியில் விரித்து இறங்கிய தளத்தை உயர்த்துவதுண்டு. ஆகவே முதுகையோ கூனையோ பெயரில் சேர்க்காததே நல்லது.

தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் மச்சைக்குழிக்குள் (எலும்பின் நடுவே மச்சை இருக்கும் குழிக்குள்) செலுத்தி, உப்புநீரை உயரழுத்தத்தில் ஏற்றி விரியச்செய்யும் உலோக ஆணி ஒன்றும் உண்டு. அது விரிந்து எலும்பின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறது. நெருக்கிவிட்டு வெளியேறும் கருவிக்கும் பற்றிக்கொண்டு தங்கும் கருவிக்கும் ஒரே சொல் ஆகாது. ‘விரியாணி’ என்று வைக்கலாமா? ‘விரிதண்டு’ என்றால் தண்டுவடத்தோடு குழம்பும்.

மேலூர்.

•

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. தங்குவது, வெளியேறுவது என்ற பாகுபாடு மிகவும் தேவையானது. ஆனால் ‘விரியாணி’யை மதுரையில் யாரும் பிரியாணி என்றல்லாமல் வேறு எப்படியும் படிக்கப்போவதில்லை. அச்சில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் போதும். ‘விரிவுறும் ஆணி’ என்று பிரித்தே எழுதலாம். சற்று நீளம் என்றாலும் தெளிவாக இருக்கிறது.

‘திமிசுப்பை’, ‘விரிவுறும் ஆணி’ ஆகிய இவ்விரண்டையும் அகராதி வரைவில் சேர்த்துவிட்டேன். மச்சைக்குழிக்குள் மெல்லிய பையை வைத்து, அதில் ஒளிபட்டால் இறுகும் நீர்மத்தை நிரப்பி, இறுகியபின் பையோடு அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. அது திமிசும் அன்று, ஆணியாக உள்ளே போவதும் அன்று. அதற்கான முன்மொழிவுகளைத் தனி இழையில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.