ஏற்காடு: பசுவைப் புதைத்த இடத்தில் காளான், அடையாளம் காண உதவுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து ஓரம், சில்வர் ஓக் மரத்தடியில், போன வருடம் இறந்த பசுவைப் புதைத்தோம். இந்த மழைக்கு அந்தக் குழிமேல் மட்டும் காளான் கூட்டமாக முளைத்திருக்கிறது. வெளிர் பழுப்புத் தொப்பி, தொட்டால் வழவழப்பு, காம்பு மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது. தொப்பியைத் தாளில் கவிழ்த்து வைத்தேன். பழுப்புத் தூள் படிந்தது.

உடல் அழுகும்போது புரதம் சிதைந்து அம்மோனியா வரும், அதைத் தொடர்ந்து முளைக்கும் பூஞ்சைகள் உண்டு என்று படித்தேன். ஜப்பானில் சகரா என்ற ஆய்வாளர் காட்டு மண்ணில் யூரியா போட்டே அவற்றை வரவழைத்தாராம். எவ்வளவு அருமையான விஷயம்! கொம்பு, குளம்பில் உள்ள கெரட்டின் என்ற கடினமான புரதத்தைத் தின்னும் பூஞ்சை வேறு வகை.

இது எந்த வகை? சேலம் பக்கம் காளான் தெரிந்தவர்கள், மைக்ராஸ்கோப் உள்ளவர்கள் யாராவது பார்த்துச் சொல்வீர்களா? காயவைத்து அனுப்பலாமா? மழை விட்டால் வாடிவிடும், சீக்கிரம் சொல்லுங்கள்.