வட்டு எழுத மறுத்தால் கெர்னல் அதை எத்தனை முறை சொல்ல வேண்டும்?

வட்டுக்காவலன்:
பழுதாகிக்கொண்டிருந்த ஒரு வட்டில் சென்ற மாதம் நான் கண்டது இது. தரவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்புக்கு முதலில் ஈஐஓ (உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை) வந்தது. நிரல் மறுபடி அழைத்தபோது வெற்றி என்று பதில் வந்தது. வட்டில் இருந்ததோ பழைய தரவுதான். எழுத முடியாமல் நினைவகத்தில் நின்றுபோன பக்கங்களை (தரவுத் துண்டுகளை) லினக்ஸின் உட்கருவான கெர்னல் எழுதப்பட்டவை என்றே குறித்துவிட்டு, பிழையை ஒருமுறை மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. தரவு வட்டில் சேரும்வரை பக்கங்களை வைத்திருந்து, கேட்கும்போதெல்லாம் பிழையைச் சொல்வதே அதன் கடமை என்பேன்.

மென்கருவாளர்:
பிடுங்கி எடுத்துச் செல்லப்பட்ட யூஎஸ்பி டிரைவுக்கு உரிய பக்கங்களை எத்தனை நாள் வைத்திருப்பது? அவை ஒருபோதும் எழுதப்படப் போவதில்லை. நினைவகம் நிரம்பி, நல்ல வட்டுக்கு எழுதும் நிரல்களும் காத்துக் கிடக்க நேரும். மேலும், ஈஐஓ நிரலை எட்டுவதற்குள் பெரும்பாலும் வட்டும் கெர்னலும் தாமே முயன்று தோற்றிருக்கும். அதன்பிறகு மறுபடி அழைப்பது செவிடன் காதில் ஊதிய சங்குதான். இச்சிக்கல் 2018இல் பெரிதாகப் பேசப்பட்டபின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் எடுத்த முடிவே சரி: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து மீள வேண்டும்.

வட்டுக்காவலன்:
பதிவேடு உள்ள தரவுத்தளம் மீளும். சாதாரண உரைத்தொகுப்பான் எதிலிருந்து மீளும்? லினக்ஸ் கெர்னல் பதிப்பு 4.13க்கு முன்பு நிலைமை இதைவிட மோசம்: பிழை நேர்ந்ததைக் குறிக்கும் கொடி கோப்புக்குப் பொதுவானது என்பதால், வேறொரு நிரல் முந்திக்கொண்டு எஃப்சிங்க் அழைத்தால் பிழை அதனிடம் போய்விடும், எழுதிய நிரலுக்குத் தெரியவே தெரியாது. இப்போது கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே சொல்லப்படுகிறது; ஆனால் சொல்லப்படுவது ஈஐஓவைக் குறிக்கும் 5 என்ற வெறும் எண். செக்டர் கெட்டதா, கேபிள் தளர்ந்ததா என்று ஊகிக்க உதவும் விவரமெல்லாம் கெர்னல் பதிவில், மனிதர் படிப்பதற்கான வாக்கியமாகக் கிடக்கிறது.

பதிவேட்டாளர்:
இடையில் ஒன்று. பிழை நேர்ந்தால் வட்டை வாசிப்புக்கு மட்டும் என மாற்றும் விருப்பத்தைக் கொடுத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அது அம்முறைமையின் சொந்தக் கட்டமைப்பில் நேரும் பிழைகளுக்கானது. பயனரின் தரவு எழுதப்படாமற்போனால் அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

மென்கருவாளர்:
பிழையின் வகையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பக்கங்களைக் கைவிட்டாலும் கோப்பின் மீது ஒரு குறியேனும் நிலைக்கட்டும் என்றால் அதையும் ஏற்பேன். இன்று பிழை பற்றிய குறிப்பு, கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடோடு சேர்ந்து நினைவகத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. ஆனால் அந்தக் குறியை வட்டிலேயே எழுதலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுத மறுக்கும் அதே வட்டில்தான் அதையும் எழுதியாக வேண்டும்.