தகடா, கட்டியா: துப்பாக்கி ரிசீவருக்கு எது?

அஸ்தம்பட்டி_டூல்ரூம்:
தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து ஊர்களில் சேலமும் ஒன்று. துப்பாக்கி செய்ய லைசென்ஸ் உள்ள கம்பெனி ஆர்டர் நம்ம பட்டறைக்கும் வரலாம். ரிசீவர், அதாவது போல்ட்டும் (தோட்டா அறையை அடைக்கும் துண்டு) ட்ரிகரும் உட்காரும் கூடு, ப்ரஸ்ஸில் அடித்த உருக்குத் தகடாகத்தான் இருக்கணும் என்பது என் கட்சி. 1959ல் வந்த சோவியத் ஏ.கே.எம். ரைஃபிளின் கூடு 1 மி.மீ. தகட்டை யு வடிவில் மடித்து ரிவெட் அடித்தது. அமேதியில் செய்யும் ஏ.கே.203 ரைஃபிளும் அதே வழிதான். தகடு வேணும்னா உருக்காலை வாசலிலேயே இருக்கு.

ஜாகீர்_விஎம்சி:
அண்ணா, பாதிக் கதையைத்தான் சொல்றீங்க. 1949ல் ஏ.கே.47 கூடும் தகடுதான். ரிஜெக்ட் தாங்காமல் உருக்குக் கட்டியைக் கடையப் போனாங்க, திரும்பி வர பத்து வருஷம். மடித்த தகடு ப்ரஸ்ஸை விட்டதும் கொஞ்சம் விரியும். தகட்டுச் சுருளுக்குச் சுருள் இறுக்கம் மாறினால் கோணமும் மாறும், அடிக்கும் அச்சான டையைத் திரும்பத் திரும்பத் திருத்தணும். 7075-டி6, அதாவது டி6 சூட்டுப் பக்குவம் கொடுத்த 7075 ரக அலுமினியக் கட்டியைக் கடைஞ்சா அந்த வம்பில்லை. யீல்ட், அதாவது நிரந்தரமா வளையத் தொடங்கும் அளவு, சுமார் 500 மெகாபாஸ்கல், எடை உருக்கில் 36%. ட்ராயிங் மாறினால் ப்ரோக்ராம் மாற்றினால் போதும். ராணுவம் 2019ல் ஆர்டர் கொடுத்த 72,400 சிக்716 ரைஃபிளும் அலுமினியக் கூடுதான். அப்புறம், சேலம் உருக்காலையின் பேர் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு. 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸை அடிச்சா அடிக்க அடிக்க இறுகும், டையையும் கடிக்கும். அதுல கூடு அடிக்கப் போறீங்களா?

அஸ்தம்பட்டி_டூல்ரூம்:
ஸ்டெயின்லெஸ் விஷயம் என் தப்பு. ஆனா விறைப்பைப் பேசுங்க தம்பி. அலுமினியம் 71 ஜிகாபாஸ்கல், உருக்கு 205. சுவரைத் தடிமனாக்கினா எடை லாபம் அங்கேயே போச்சு.

ஜாகீர்_விஎம்சி:
முழுசாப் போகாது. வளையும் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கமா ஏறும், தடிமன் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு. 1 மி.மீ. உருக்குக்கு 1.42 மி.மீ. அலுமினியம் போதும், அப்பவும் எடை பாதிதான்.

மேட்டூர்ரோடு:
ரெண்டு பேருமே வெடியழுத்தத்தைக் கூடு தாங்குற மாதிரி வாதாடுறீங்க. ஏ.கே.யில் போல்ட் பூட்டுவது கூட்டோடு ரிவெட் அடித்த, குழலைப் பிடிக்கும் உருக்குத் துண்டான டிரனியனில். அமெரிக்க ஏ.ஆர்.15 ரைஃபிளில் குழலோடு சேர்ந்த உருக்கு நீட்சியில். அதனால்தான் தகடும் பிழைக்குது, அலுமினியமும் பிழைக்குது. போல்ட் கூட்டிலேயே பூட்டும் டிசைன்னா அலுமினியத்தைத் தொடவே கூடாது.

எண்ணிக்கை சொல்லாம சண்டை போடுறதும் வீண். சில நூறு கூட்டுக்கு டை கட்டினா கட்டினவன் காலி. லட்சக்கணக்கில்னா கட்டியை விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் கடைசல் மெஷினில் கடைஞ்சு முக்கால்வாசியைச் சீவலாத் தள்ளுறவன் காலி. ஏ.ஆர். கூடுகூடப் பெரும்பாலும் ஃபோர்ஜ் பண்ணி, அதாவது சூடாக்கி அடிச்சு வடிவாக்கிட்டுத்தான் கடையறாங்க, அதை ஏன் யாரும் சொல்லலை?

ஜாகீர் தம்பி, ஆனடைஸ், அதாவது அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் வளர்க்கும் ஆக்சைடு தோல், அந்தக் கணக்கையும் சேருங்க. 0.05 மி.மீ. கடின ஆனடைஸ் பாதி உள்ளே, பாதி வெளியே வளரும். துளை விட்டத்தில் 0.05 குறையும். அந்த இடத்தைக் கடையும்போதே விடாட்டா துளையில் உருக்கு ஊசி (பின்) ஏறாது. மேல்தோல் கடினம், உள்ளே மெது. தோல் பெயர்ந்தா அந்த உருக்கு ஊசி துளையை நீள்வட்டமாக்கிடும். டி6க்கு ஈரத்தில் இழுவிசை விரிசல் பயமும் உண்டு. டி73 பக்குவம் அதைத் தாங்கும், வலுதான் குறையும். வெல்டிங்கை மறந்துடுங்க.

ஜாகீர்_விஎம்சி:
துளைக்கு உருக்கு புஷ், அதாவது உள்வளையம், அடிச்சா?

மேட்டூர்ரோடு:
அடிக்கலாம். அலுமினியம் சூட்டில் உருக்கைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும், சேலத்து வெயிலில் பிடிமானம் தளரும். ஏற்காட்டுப் பனியில் ரெண்டும் சேரும் விளிம்பில் ஈரம் நின்னா அரிக்கிறது அலுமினியம்தான். புஷ்ஷையும் இறுக்கமாப் போடணும், இடைவெளியையும் சீலன்ட்டால அடைக்கணும்.