ஸ்ட்ரைக் நோட்டீஸ் எழுத யாராச்சும் உதவுங்க

வணக்கம் தோழர்களே, யூனியன் அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. நாங்க வேலை பாக்கற இடத்துல பிரஸ் மெஷின் சென்சாரை ப்ரொடக்‌ஷன் லேட்டாகுதுன்னு ஒரு துண்டு வயர் போட்டு பைபாஸ் பண்ணி வச்சிருக்காங்க, கை உள்ள இருந்தாலும் மெஷின் இறங்கிடும், சொன்னா "பாத்து ஓட்டுப்பா"ன்றாங்க.

ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 1981 வருஷத்து 155ஆம் உடன்படிக்கைல, உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமான காரணத்தோட நம்பி ஒதுங்குற தொழிலாளியை அதுக்காக பழிவாங்கக் கூடாதுன்னு இருக்கு. அப்போ அந்த மெஷினை மட்டும் தொடமாட்டோம், வேற வேலை குடுங்கன்னு எழுதிக் குடுக்கலாமா, இல்ல மொத்தமா ஸ்ட்ரைக்ல இறங்கறதா? ஸ்ட்ரைக்னா முன்கூட்டியே நோட்டீஸ், ஓட்டெடுப்பு, சமரசப் பேச்சுன்னு பல நாட்டுல விதி இருக்கு, ஒண்ணு விட்டாலும் சட்டவிரோதம்னு முத்திரை குத்திருவாங்க. விதிப்படி வேலைன்னு, அதாவது விதில இருக்கறதை மட்டும் அப்படியே செஞ்சு வேலையை மெதுவாக்கறதுன்னு, சிலர் சொல்றாங்க, விதிப்படி பாத்தா அந்த மெஷினே ஓடக்கூடாதே!

இன்னொண்ணு, முதல் கையெழுத்து போட்டவனைத்தான் முதல்ல தூக்குவாங்கன்னு எல்லாருக்கும் பயம். வட்டமா கையெழுத்து போட்டுக் குடுத்தா செல்லுமா? பழைய நோட்டீஸ் மாதிரி எதாச்சும் இருந்தா பேரை அழிச்சிட்டு அனுப்புங்க, ப்ளீஸ்.