மறு: வலிக்காத மருந்துப் பட்டைக்குத் தமிழில் என்ன பெயர்?

> நுண்ணூசி ஒட்டு என்று வைத்தால் போதுமே, எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும், ஆனால் வேறு எதுவோ புரியும். நமக்கு ஊசி என்றால் டாக்டர் போடுவது, "சாப்பிடலேன்னா ஊசி போட்டுடுவார்" என்று பிள்ளையை மிரட்ட வைத்திருப்பது. தோலில் ஒட்டி மருந்தை உள்ளே செலுத்தும் இந்தப் பட்டை வந்ததே அந்தப் பயம் வேண்டாம் என்றுதானே? தோலின் மேலே இருக்கும் செத்த படலத்தின் தடிமன் 10, 20 மைக்ரோமீட்டர்தான், ஆனால் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாமல் மறிப்பது அதுதான். அதைத் தாண்டும் அளவுக்கு மட்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கூர்முனைகளை வரிசையாக வார்த்து வைக்கிறார்கள். வலி நரம்புகள் மண்டிக் கிடக்கும் ஆழம்வரை போகாததால் பெரிதாக வலிப்பதில்லை. துளையுள்ள வகையும் உண்டு, அதற்கு வேண்டுமானால் ஊசி என்ற பெயர் இருக்கட்டும். மற்றவற்றில் துளையே கிடையாது. கரையும் வகையில் மருந்தும் சர்க்கரையோ பாலிமரோ கலந்ததுதான் முனையே. தோலின் ஈரத்தில் அது கரைந்து உள்ளே தங்கிவிடும், முனைகளைத் தாங்கிய பட்டையை உரித்துப் போட்டுவிடலாம். ஆகவே நான் சொல்வது நுண்முள் ஒட்டு.

சுணை என்ற யோசனையும் வந்திருந்தது. வெண்டைக்காயில், கரும்புத் தோகையில் இருக்கும் அதே சுணை. அழகான சொல்தான், ஆனால் கேட்டதும் அரிக்கிறது. தவிர, சுணை கெட்டவன் என்ற வசவு வேறு இருக்கிறது.

---

நுண்முள் ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவிடம் "முள் வைக்கப் போறோம்" என்று நர்ஸ் சொல்ல முடியுமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்தை இந்த வழியில் 9, 10 மாதக் குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2024இல் வெளிவந்தது. மணிக்கட்டில் அழுத்தி ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிடுவதுதான் முறை. இதை என்னவென்று எழுதுவது? ஊசியில்லாத் தடுப்பூசி என்றா? நம் சொல்லுக்குள்ளேயே ஊசி மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வழியும் நம்மிடமே இருக்கிறது. போலியோவுக்கு யாரும் வாய்வழித் தடுப்பூசி என்று சொல்லவில்லை, சொட்டு மருந்து என்றோம், ஊரே சொன்னது. அதேபோல் ஒட்டு மருந்து. கலைச்சொல் குழு எதுவும் கூடத் தேவையில்லை, கேட்ட அன்றே வாயில் உட்காரும்.

---

ஒட்டு மருந்து! சரி, ஒத்துக்கொள்கிறேன், மக்கள் பெயர் அதுவே. ஆனால் சிகரெட்டை விடுவதற்கு நாளெல்லாம் ஒட்டிவைக்கும் நிக்கோட்டின் பட்டையும் ஒட்டு மருந்துதான், அதில் முள் கிடையாது. அதனால் எழுத்தில் நுண்முள் ஒட்டு என்ற உட்பிரிவு வேண்டும். கரைந்து தங்குவதைக் கரைமுள் என்று இன்னும் பிரிக்கலாம், ஏனென்றால் கரையாமல் உப்பி மருந்துக்கு வழிவிடும் வகையும் இருக்கிறது.

அப்புறம் பெயரின் மறுபாதியை, அதாவது மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பதை, எல்லோரும் விட்டுவிட்டோம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரயன் டோனலியின் குழு கேபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்ற எச்ஐவி மருந்துகளை இப்படி முனைகளில் ஏற்றி எலிகளில் சோதித்து எழுதியிருக்கிறது. பெரியவர்களுக்கு இந்த இரண்டையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றிலும் 3 மில்லிலிட்டர், பிட்டத் தசையில் ஊசியாகப் போடுகிறார்கள். சின்னக் குழந்தைக்கு அவ்வளவு தசைக்கு எங்கே போவது? தினமும் மருந்து ஊட்டுவதும் பெரும்பாடு. மருந்து நீரில் எளிதில் கரையாத நுண்துகளாகத் தோலுக்குள் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் சேர்வதுதான் இதன் உத்தி.

இதற்குக் கிடப்பு மருந்து என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கருத்து துல்லியம்தான், ஆனால் அரசு அலுவலகக் கோப்பு மாதிரி ஆகிவிடும். மெதுவிடு மருந்தும் ஒத்துவராது, ஒரு நாள் தாங்கும் மாத்திரைகளையும் அப்படித்தானே சொல்கிறோம். நெடுநாள் மருந்து என்பது என் முன்மொழிவு. இரண்டையும் சேர்த்தால் நெடுநாள் ஒட்டு மருந்து. மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், வெறும் "நன்றாக இல்லை" மட்டும் வேண்டாம்.