மொன்றியல்ல கார் போகாத தெருக்கள்: ஜூலைல முழங்கால் வலி உள்ள அம்மாவோட போலாமா?

மிசிசாகா_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். ஜூலை ரெண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பற மாதிரி இங்க கனடாலயே மொன்றியல் போலாம்னு இருக்கோம், நான், வீட்டுக்காரர், 3 வயசு பையன், அப்புறம் மதுரைல இருந்து வந்திருக்கற எங்கம்மா. அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு முழங்காலும் வலி, பத்து நிமிஷம் நடந்தா உக்காரணும். வந்து ஆறு வாரம் ஆச்சு. கார்ல ஏத்தி மாலுக்கு கூட்டிட்டு போறோம், கார்ல ஏத்தி கோயிலுக்கு கூட்டிட்டு போறோம், நேத்து ராத்திரி ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டு "ஏண்டி, இந்த ஊர்ல தெருவுல மனுஷங்களே இல்லையே"ன்னாங்க, எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. மொன்றியல்ல சம்மர் வந்தா சில தெருவ அப்படியே காருக்கு மூடி நடக்கறவங்களுக்கு விட்டுடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. எந்தத் தெரு நல்லாருக்கும்? வெயில் தாங்குமா? சும்மா உக்கார இடம் இருக்குமா, இல்ல கடைல ஏதாவது வாங்கினாதான் உக்காரணுமா? ஸ்ட்ரோலர் ஓட்டலாமா? அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது.

பார்க்எக்ஸ்_அண்ணா:
தங்கச்சி, யோசிக்காம அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் 1996இல இருந்து இங்கதான் இருக்கிறன், இந்த ஊரை வடிவாப் பாக்கிறதெண்டா சம்மரில பின்னேரம் இந்தத் தெருக்களில இருந்துதான் பாக்கவேணும்.

உங்களுக்கு மோன்ட் றோயால் அவெனியுதான் சரி. 2020இல கொரோனா நேரம் சனம் இடைவெளி விட்டு நடக்கட்டும் எண்டு காருக்கு மூடினவை, சனத்துக்குப் பிடிச்சுப்போச்சு, பிறகு ஒவ்வொரு சம்மரும் மூடுகினம். இப்ப ரெண்டு கிலோமீற்றருக்கு மேல வரும். நீங்கள் முழுக்க நடக்கத் தேவையில்லை. மெட்றோ ஒறேஞ்ச் லைனில மோன்ட் றோயால் எண்ட ஸ்டேசனில இறங்கினா அந்தத் தெருவிலயே நிப்பீங்கள், அங்க லிஃப்ட் இருக்கு. எல்லா ஸ்டேசனிலயும் லிஃப்ட் இல்லை, அதால இதைக் குறிச்சு வையுங்கோ. 11 வயசு வரைக்கும் பிள்ளையளுக்கு மெட்றோவில காசில்லை.

இருக்கிறதுக்கு நடுறோட்டிலயே மர வாங்கு (பெஞ்ச்), மேசை, பூச்சாடி எல்லாம் வைச்சிருப்பினம். அது பொதுவானது, ஒரு சதமும் குடுக்கத் தேவையில்லை, வீட்டில இருந்து புளிச்சாதம் கொண்டுவந்தும் சாப்பிடலாம். சுத்திவர வேலி மாதிரி அடைச்சுக் கதிரை போட்டிருந்தா அது கடைக்காரற்றை.

நேரம்தான் முக்கியம். 12 மணி தொடக்கம் 4 மணி வரைக்கும் வேண்டாம், மரம் ஓரத்திலதான் நிக்கும், நடுவில நிழல் இல்லை. ஜூலையில 28 பாகை எண்டு போடுவாங்கள், ஆனா புழுக்கத்தோட சேர்ந்து 35க்கு மேல மாதிரி இருக்கும். 6 மணிக்குப் பிறகு போங்கோ, இருட்ட எட்டரை தாண்டும்.

நடராஜா_சர்வீஸ்:
அண்ணா சொன்னது அத்தனையும் சரி, நான் ரெண்டு விஷயம் சேத்துக்கறேன். ஒண்ணு, தெருவ மூடினாலும் சென் தெனி, பாப்பினோ மாதிரி குறுக்க போற பெரிய ரோடெல்லாம் திறந்துதான் இருக்கும், நிம்மதியா நடந்துக்கிட்டே வருவீங்க, திடீர்னு சிக்னல் வந்துடும், பையன் கைய அங்க மட்டும் கெட்டியா புடிச்சுக்கோங்க. இன்னொண்ணு, கார ஹோட்டல்லயே விட்டுடுங்க. நம்ம ஒன்டாரியோல சிவப்புல நின்னு பாத்துட்டு ரைட் எடுப்போம்ல, மொன்றியல் தீவுக்குள்ள அது கூடாது, பழக்கத்துல எடுத்துடுவோம்.

ஞாயித்துக்கிழமைக்கு வேர்டன் ஏரியால வெலிங்டன் தெரு போங்க. கிரீன் லைன்ல தெ லெக்லீஸ் ஸ்டேஷன். 2022ல டைம் அவுட் பத்திரிகை உலகத்துலயே அருமையான தெருன்னு அதத்தான் முதல் இடத்துல போட்டுச்சு, ஆனா அதுக்காக நான் சொல்லல. டூரிஸ்ட் கூட்டத்த விட அந்த ஏரியா ஆளுங்கதான் அதிகம், பாட்டிங்க மளிகை பைய வெச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னு கதை பேசுவாங்க, உங்கம்மா கேட்டது அதானே. ஆறும் பக்கத்துல, மணல் கொட்டுன ஒரு குட்டி பீச் இருக்கு, காசு கிடையாது.

லசால்_ராணி:
சாப்பாடு பத்தி யாரும் சொல்லலியே. பூட்டின்ல (உருளைக்கிழங்கு வறுவல் மேல சீஸ் போட்டு தர்ற இந்த ஊர் பண்டம்) ஊத்தற கிரேவி பெரும்பாலும் மாட்டிறைச்சி, கோழி போட்டதுதான், வெஜ் கிரேவி இருக்கான்னு கேக்காம அம்மாவுக்கு வாங்காதீங்க. பேகல்ங்கற வளைய ரொட்டிய தேன் கலந்த தண்ணில வேகவெச்சு விறகடுப்புல சுடுவாங்க, வாசனை தெரு முனை வரைக்கும் வரும், ஆனா மாவுல முட்டை சேக்கறது இங்க வழக்கம், கேட்டு வாங்குங்க. தோசை வேணும்னா பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஜான் டாலோன் தெருவுல கிடைக்கும்.

இன்னொரு விஷயம் மனசுல பட்டத சொல்றேன். மோன்ட் ரொயால் தெருவ மூடினா அதுல போற 97ஆம் நம்பர் பஸ்ஸும் வேற தெருவழியாதான் சுத்திப் போகும். என் மாமியார் மாதிரி அந்த பஸ்ஸ நம்பி கிளினிக் போறவங்களுக்கு சம்மர்ல கூடுதலா நடக்கணும். எனக்கும் இந்தத் தெருக்கள் உயிர்தான், சென் கத்ரின் தெருவ வில்லேஜ்ங்கற ஏரியா பக்கம் 2008ல முதமுதல்ல சம்மருக்கு மூடினதுல இருந்து போறேன், 2011ல இருந்து ஆறு சம்மர் அந்தத் தெருவுக்கு மேல ஒரு கிலோமீட்டருக்கு ரோஸ் கலர் உருண்டையா கோத்து பந்தல் போட்டிருந்தாங்க, கீழ நடந்தா கல்யாண வீட்டுக்குள்ள போற மாதிரி இருக்கும். ஆனாலும் வயசானவங்களுக்கு பஸ் எங்க நிக்கும்னு தெளிவா எழுதி ஒட்டணும். உங்கம்மாவுக்கும் பஸ் நம்பாதீங்க, மெட்ரோதான்.

மிசிசாகா_செல்வி:
போயிட்டு வந்துட்டோம், சொல்லாம இருக்க முடியல. வெள்ளி சாயங்காலம் ஆறரைக்கு மோன்ட் ரொயால்ல இறங்கினோம். லிஃப்ட்ல இருந்து வெளிய வந்ததும் அம்மா சட்டுனு நின்னுட்டாங்க, ரோட்டுல இறங்கவே தயங்கினாங்க, "வண்டி வராதாடி"ன்னு மூணு தடவ கேட்டாங்க. ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு எதிர்ல மர பெஞ்ச் காலியா இருந்துச்சு, உக்காந்து செருப்ப கழட்டி பக்கத்துல வெச்சுட்டு கால தார் ரோட்டு மேல நீட்டிக்கிட்டாங்க, வெயில்ல காஞ்ச சூடு இன்னும் இருக்கு, முட்டிக்கு ஒத்தடம் மாதிரி இருக்குன்னாங்க. பையன் நடுரோட்டுல போட்டிருக்கற கோட்டு மேலயே நூல் புடிச்ச மாதிரி போறான், வர்றான். ஒரு பிரெஞ்சு பாட்டி நாயோட வந்து அதே பெஞ்சுல உக்காந்தாங்க, அவங்க பிரெஞ்சுல சொல்றாங்க, அம்மா மதுரைத் தமிழ்ல சொல்றாங்க, ரெண்டு பேரும் அவனயே பாத்து சிரிக்கறாங்க. ஒன்பது மணி வரைக்கும் எந்திரிக்கல.

சனிக்கிழமை காலைல நான் ஆசைப்பட்டு பழைய மொன்றியல் சென் போல் தெருவுக்கு கூட்டிட்டு போனேன், அதான் தப்பு. கல் பாவின தெரு, ஸ்ட்ரோலர் முன்வீல் சந்துல மாட்டி மாட்டி நின்னுச்சு, அம்மாவுக்கு முட்டி வீங்கிடுச்சு. சாயங்காலம் ரூம்ல படுக்கலாம்னு சொன்னா கேக்கல, நேத்து பெஞ்சுக்கே போலாம்னு ஒரே அடம், போனோம். ஞாயிறு வெலிங்டன்.

அண்ணா, அடுத்த வருஷம் அப்பாவும் வர்றார். எந்தத் தேதில இருந்து மூடறாங்கன்னு தெரிஞ்சதும் இங்கயே போட முடியுமா? டிக்கெட்ட அதுக்கேத்த மாதிரி போடணும்.

பார்க்எக்ஸ்_அண்ணா:
ஓம் தங்கச்சி, தேதி வருசத்துக்கு வருசம் மாறும், வந்த உடன போடுறன். அப்பாவோட வரேக்க சொல்லுங்கோ, நானும் மனுசியும் அந்த வாங்கடிக்கு வாறம், தேத்தண்ணி நாங்கள் கொண்டுவாறம்.